அறுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? பிரேதப் பரிசோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்

திருநெல்வேலிப் பக்கம் துட்டி விழுந்த வீட்டில், "பி.எம். போட்டுத்தான் பாடியைத் தருவாங்களாம்" என்று யாராவது வந்து சொன்னால் பேச்சு இரண்டாகப் பிரியும். "செத்த பிறகும் அறுக்கணுமா?" என்பார் ஒருவர். "அறுத்துப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சிரும்" என்பார் இன்னொருவர். முதலாமவரின் வருத்தம் நியாயமானது. இரண்டாமவரின் நம்பிக்கைதான் கொஞ்சம் அதிகம். இறந்தவரின் உறுப்புகளைக் கண்ணாலும் தராசாலும் நுண்ணோக்கியாலும் ரசாயனத்தாலும் சோதித்து, எதனால் இறந்தார் என்று தேடுவதுதான் "பி.எம்." என்னும் பிரேதப் பரிசோதனை. இன்னதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினால்தான் அது பதில் சொல்லும். என்ன தேட வேண்டும் என்பதோ, பெரும்பாலும் வீட்டார் சொல்லும் விவரத்திலிருந்துதான் டாக்டருக்குத் தெரிய வருகிறது.

எப்படி இறந்தார் என்று கேட்டால் "ஹார்ட் நின்னுட்டு" என்று சொல்லிவிடுகிறோம். சாகும் எல்லாருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். அது சாவின் விவரமே தவிர, காரணம் ஆகாது. ஆஸ்பத்திரியில் இறந்தால் டாக்டர் எழுதித்தரும் படிவம் 4-இல் காரணத்தைச் சங்கிலியாகத்தான் எழுதச் சொல்கிறார்கள்: கடைசியில் நேர்ந்தது என்ன, அது எதனால் வந்தது, அதற்கும் அடியில் இருந்த நோய் என்ன. ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. பத்து நாள் படுக்கையில் கிடந்தவர், எழுந்து பாத்ரூம் போகும்போது மூச்சுத் திணறி விழுந்து இறந்துபோகிறார். பார்க்கிற எல்லாரும் மாரடைப்பு என்றுதான் சொல்வார்கள். உடலைத் திறந்தால், நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனியை ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. அசையாமல் கிடந்த காலின் சிரைக்குள் உறைந்த ரத்தம் அங்கிருந்து பெயர்ந்து வந்திருக்கிறது. காரணச் சங்கிலி எலும்பு முறிவில் தொடங்குகிறது. இதைக் கண்ணால் பார்த்த டாக்டர் அடுத்த நோயாளிக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவதா என்று முன்கூட்டியே யோசிப்பார், சீக்கிரம் நடக்க வைப்பார். மருத்துவத்துக்கு இந்தப் பரிசோதனையால் கிடைக்கும் முதல் லாபம் இதுதான்.

ஸ்கேன் இவ்வளவு வளர்ந்த பிறகும் இது தேவையா என்ற கேள்வி வரும். 40 ஆண்டுக் காலத்தில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, உயிரோடு இருந்தபோது செய்த நோய்க்கணிப்பையும் பிரேதப் பரிசோதனை முடிவையும் ஒப்பிட்டது. சாவோடு தொடர்புடைய முக்கியமான நோயைத் தவறவிட்டது, ஆய்வுகளின் நடுமதிப்பில் 23.5 சதவீதம். தெரிந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார் என்ற வகைத் தவறு 9 சதவீதம். காலம் போகப்போக இந்தத் தவறுகள் குறைந்துவருகின்றன என்பதும் அதே கட்டுரையில் உண்டு, ஆனால் அற்றுப்போகவில்லை.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1761-இல் இத்தாலியின் பாதுவா நகரப் பேராசிரியர் மோர்காக்னி, தம் 79-ஆம் வயதில், சுமார் 700 பேரின் நோய்க்குறிகளையும் இறந்த பிறகு அவர்கள் உடலில் கண்டதையும் பக்கத்தில் பக்கமாக வைத்து எழுதினார். உடம்பு முழுக்கக் கெட்ட நீர் ஓடுவதால்தான் நோய் என்று நம்பிய காலத்தில், நோய் ஓர் உறுப்புக்குள் குடியிருக்கிறது என்று அவர் காட்டினார். அடுத்த நூற்றாண்டில், வியன்னாவில், பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். 1847-இல் செம்மல்வைஸ் என்ற டாக்டரின் நண்பர் ஒருவருக்குப் பிரேதப் பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டு, சில நாளில் இறந்தார். அவர் உடலைத் திறந்தபோது, அந்தத் தாய்மார்களின் உடலில் இருந்த அதே சீழும் வீக்கமும். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்குப் போகும் டாக்டர்களும் மாணவர்களும் கையிலேயே சாவைச் சுமந்து போகிறார்கள் என்று செம்மல்வைஸுக்குப் புரிந்தது. குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவெனக் குறைந்தது. கிருமி என்ற ஒன்றை யாரும் நிரூபிக்காத காலம் அது.

இரண்டு வகை

நோயைத் தெரிந்துகொள்ள, குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு நோயியல் துறை செய்வது ஒன்று. சட்டத்துக்காகத் தடயவியல் மருத்துவத் துறை செய்வது இன்னொன்று. நம்மூரில் முதல் வகை அரிது. டாக்டர்கள் கேட்கத் தயங்குகிறார்கள், வீட்டார் கொடுக்கத் தயங்குகிறார்கள். அதனால்தான் "பி.எம்." என்றாலே போலீஸ் ஞாபகம் வருகிறது.

சட்ட வகைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. விபத்து, தற்கொலை, கொலை, பாம்புக்கடி, மின்சாரம், ஆற்றிலும் கிணற்றிலும் மூழ்கியது, காரணம் தெரியாத திடீர்ச் சாவு எல்லாம் இதில் வரும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 194-ஆம் பிரிவு. ஸ்டேஷனில் இன்னும் "174 போட்டிருக்கு" என்றுதான் சொல்வார்கள். முதலில் நடப்பது பிரேத விசாரணை: போலீஸ் அதிகாரி, ஊர்ப் பெரியவர்களைப் பஞ்சாயத்தாராக வைத்து, உடல் கிடந்த நிலை, காயம், சாட்சிகள் சொல்வது எல்லாவற்றையும் எழுதுவார். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. போலீஸ் காவலில் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிப்பார். அதன் பிறகுதான் டாக்டருக்கு வேண்டுகோள் கடிதம் போகும். தாலுகா அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பரிசோதனை நடக்கும். சிக்கலானவை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு வரும்.

விசாரணைத் தாளை டாக்டர்கள் எவ்வளவு கவனமாகப் படிக்கிறார்களோ அவ்வளவு நல்லது. அதில் "மயங்கி விழுந்து இறந்தார்" என்று ஒரே வரி இருந்தால், டாக்டர் கையில் திசை தெரியாத உடல்தான் இருக்கிறது.

மேஜையில் என்ன நடக்கிறது

கத்தி வைக்கும் முன் வெளிப்பரிசோதனை. உடையை அவிழ்ப்பதற்கு முன்பே அதில் உள்ள கிழிசலும் கறையும் காயத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். விறைப்பு, தோலில் படிந்த ரத்தத் திட்டு, அழுகலின் அளவு மூன்றும் இறந்த நேரத்துக்குக் குறி காட்டும். நம்மூர் வெக்கையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விறைப்பு தொடங்கிவிடும். கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை பாயும். ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கம் இறங்கி ஊதாத் திட்டாகப் படிந்து, சில மணி நேரத்தில் நிலைத்துவிடும். குப்புறக் கிடந்த உடலில் திட்டு முதுகில் இருந்தால், யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கே ஏமாற்றும் சங்கதிகளும் உண்டு. தோட்டத்தில் சில மணி நேரம் கிடந்த உடலை எறும்பு மொய்த்தால், அது அரித்த இடம் சிராய்ப்புக் காயம் போலவே பழுப்பாகத் தெரியும். ஆனால் அதைச் சுற்றி ரத்தக் கசிவு இருக்காது. உயிர் பிழைக்க வைக்க நெஞ்சை அழுத்தியதில் முறிந்த விலா எலும்பை அடி என்று படித்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசித் தழும்பும் அப்படித்தான். சிகிச்சைக் குறிப்பு கூடவே வராவிட்டால் கடைசி இரண்டும் தவறான முடிவுக்கு இழுத்துப்போகும்.

பிறகு, தாடைக்குக் கீழிருந்து அடிவயிறு வரை, தொப்புளைச் சற்று விலக்கி, ஒரே நேர்க்கோடாக வெட்டுவார்கள். அல்லது இரண்டு தோள்களிலிருந்தும் இறங்கி நெஞ்சில் சேரும் வெட்டு. தலையைத் திறக்க, ஒரு காதின் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதின் பின்வரை தோலை வெட்டி முன்னும் பின்னும் மடக்கி, மண்டையோட்டை ரம்பத்தால் அறுப்பார்கள். தைத்து முடித்தால் முகத்தில் ஒரு கீறலும் தெரியாது, முடிக்குள் மறைந்துவிடும். தலை, நெஞ்சு, வயிறு மூன்றையும் திறந்தே ஆக வேண்டும். நெஞ்சில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று தலையைத் திறக்காமல் விடுவது பாதிப் பரிசோதனை. கோர்ட்டில் முதல் கேள்வியே அதில்தான் விழும்.

எதை முதலில் திறப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. கழுத்தை நெரித்த சந்தேகம் இருந்தால் கழுத்தைக் கடைசியில்தான் தொடுவார்கள். மூளையையும் நெஞ்சு உறுப்புகளையும் முதலில் எடுத்துவிட்டால் கழுத்துச் சிரைகளில் உள்ள ரத்தம் வடிந்துவிடும். முதலிலேயே கழுத்தை வெட்டினால், வெட்டும்போது கசியும் ரத்தம் தசையில் பரவி, நெரித்ததால் வந்த கன்றல் போலத் தோன்றும். நுரையீரல் தமனியில் கட்டி இருக்குமோ என்றால், இதயத்தை வெளியே எடுக்கும் முன் அங்கேயே தமனியைத் திறக்க வேண்டும். எடுத்த பிறகு தேடினால் கட்டி நழுவிப் போயிருக்கும்.

இதயத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெரியவர்களுக்கு அது சுமார் 250 முதல் 350 கிராம். பல வருஷம் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டவருக்கு 500 கிராமைத் தாண்டலாம். தராசே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரித் தமனிகளை நீளவாக்கில் கிழிப்பதில்லை. வெள்ளரிப் பிஞ்சு நறுக்குவது போல 3 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் குறுக்கே நறுக்கி, ஒவ்வொரு வில்லையிலும் ஓட்டை எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். நீளமாகக் கிழித்தால் கத்திமுனையே அடைப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மாரடைப்பு வந்து ஒரு மணி நேரத்துக்குள் இறந்தவரின் இதயத் தசை வெறும் கண்ணுக்கு ஆரோக்கியமாகத்தான் தெரியும். நிறம் மாறித் தெரிய அரை நாளாவது ஆகும். அதனால் "தசை நன்றாக இருக்கிறது, மாரடைப்பு இல்லை" என்று சொல்லிவிட முடியாது. அடைத்த தமனிதான் சாட்சி.

பனையேறி ஒருவர் மரத்தடியில் இறந்து கிடந்தால் வரும் சிக்கலும் இப்படித்தான் அவிழும். மேலே நெஞ்சுவலி வந்து விழுந்தாரா, கால் நழுவி விழுந்தாரா? முறிந்த எலும்பைச் சுற்றித் தசைக்குள் ரத்தம் ஊறிப் பரவியிருந்தால், விழும்போது இதயம் ஓடிக்கொண்டிருந்தது. பலத்த முறிவுகள் இருந்தும் ரத்தம் அவ்வளவாக இல்லை, தமனி அடைத்திருக்கிறது என்றால் கதை வேறு. நலவாரிய உதவி, இன்சூரன்ஸ் எல்லாம் இந்தப் பதிலில்தான் தொங்கும்.

பாட்டில்கள்

விஷச் சந்தேகம் இருந்தால் உள்ளுறுப்புகளைப் பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதைத்தான் "விசரா" என்கிறோம். இரைப்பையும் அதில் இருந்ததும் முழுசாக, சிறுகுடலின் மேல்பகுதி சுமார் 30 செ.மீ., இவை ஒரு பாட்டிலில். ஈரலில் 200 முதல் 500 கிராம், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி, இவை இன்னொன்றில். ரத்தம் தனியாக, சிறுநீர் இருந்தால் அதுவும் தனியாக. கெடாமலிருக்கப் போடுவது, இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீர். அந்த உப்புநீரிலேயே விஷம் இருந்ததோ என்ற வாதம் வரக்கூடாது என்பதற்காக, அதிலும் கொஞ்சம் தனிப் பாட்டிலில் போகும். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்புவார்கள். அழுகும்போது வரும் வாயு மூடியைத் தள்ளிவிடும். மேலே அரக்கு முத்திரை, அந்த முத்திரையின் மாதிரி ஒன்று தனியாக.

நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய உறுப்புத் துண்டு மட்டும் 10 சதவீத ஃபார்மலினில் போகும், அந்தத் துண்டைப் போலப் பத்து மடங்கு திரவத்தில். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் நடக்கக்கூடிய தவறுகளில் மோசமானது. உப்புநீரில் போட்ட துண்டு நுண்ணோக்கிக்கு உதவாமல் நைந்துபோகும். ஃபார்மலினில் போட்ட விசராவில் பல விஷங்களைப் பிடிக்க முடியாது. வளைகுடா நாடுகளிலிருந்து பதப்படுத்தி விமானத்தில் வரும் உடலை இங்கே மறுபடி பரிசோதிக்கச் சொன்னால் டாக்டர்கள் தயங்குவதும் இதனால்தான். பதப்படுத்தும் மருந்தே ஃபார்மலின்.

ரத்தத்தைத் தொடைச் சிரையிலிருந்து எடுப்பது முறை. நெஞ்சுக் கூட்டில் தேங்கிய ரத்தத்தை அள்ளினால், இரைப்பையில் இருந்த சாராயம் ஊறி அங்கே வந்திருக்கும். குடித்த அளவைக் கூட்டிக் காட்டும். சோடியம் ஃப்ளோரைடு சேர்க்காமல் வைத்தால், அழுகும் கிருமிகளே கொஞ்சம் ஆல்கஹாலை உண்டாக்கிவிடும்.

திருநெல்வேலியிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. முடிவு வர நாளாகும். அதுவரை அறிக்கையில் "ரசாயனப் பகுப்பாய்வு முடிவுக்குப் பின் கருத்து தெரிவிக்கப்படும்" என்று இருக்கும். டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று இதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

கத்திக்கு அகப்படாதவை

விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவர், தொண்டை அடைத்து, கண்ணிமை தொங்கி, ஆஸ்பத்திரி போவதற்குள் மூச்சு நின்று இறக்கிறார். உடலைத் திறந்தால் உறுப்புகளில் ரத்தத் தேக்கம் தவிர ஒன்றுமில்லை. "ராத்திரி வெறுந்தரையில படுத்திருந்தாரு" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் டாக்டர் கட்டுவிரியனை நினைப்பார். அதன் பல் சின்னது; கடித்த இடம் வீங்காது, பல நேரம் தடமே தெரியாது. விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் உள்ள இணைப்பைத்தான் பிடிக்கிறது, அங்கே கண்ணுக்குத் தெரிகிற சேதம் இல்லை. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் டாக்டர் லென்ஸ் வைத்துக் கை, கால், காது ஓரம் வரை தேடி, சந்தேகமான தோலை வெட்டி, மறுபக்கத்துத் தோலோடு சேர்த்துச் சோதனைக்கு அனுப்புவார். கண்ணாடிவிரியன் இந்த அளவுக்கு ஒளிந்துகொள்ளாது; ரத்தக் கசிவும் கெட்டுப்போன சிறுநீரகமும் காட்டிக்கொடுத்துவிடும்.

பம்ப்செட் பக்கம் ஈரக்காலோடு மின்சாரம் தாக்கியவர் உடலிலும் தீய்ந்த தடம் இல்லாமல் போகலாம். நனைந்த தோல் மின்சாரத்தைச் சூடேறாமல் கடத்திவிடும். அப்போது அறுந்த ஒயரின் புகைப்படம்தான் பிணவறையில் கிடைக்கும் எதையும்விடப் பெரிய சான்று. இதயத் துடிப்பின் தாளம் மட்டும் கெட்டு இறந்தவரிடமும் கத்திக்கு ஒன்றும் கிடைக்காது. தாமிரபரணியில் மிதந்து வந்த உடலில் மூச்சுக்குழாயில் நுரையும் மணலும் இருக்கிறதா, எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்னும் நுண்பாசி சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு அந்த இடத்து ஆற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டில் எடுத்தாக வேண்டும். எடுக்க மறந்தால் ஒப்பிட எதுவுமில்லை.

முழுசாகத் திறக்காமல் ஊசியால் உறுப்புத் துணுக்குகளை மட்டும் எடுக்கும் முறையும், சி.டி. ஸ்கேனில் உடலைப் பார்க்கும் முறையும் வந்திருக்கின்றன. டெல்லி எய்ம்ஸில் 2021 முதல் ஸ்கேன் முறை நடக்கிறது. வீட்டில் இறந்தவர்களுக்கு, வீட்டாரிடம் வரிசையாகக் கேள்வி கேட்டுக் காரணத்தைக் கணிக்கும் வாய்மொழி ஆய்வு என்ற ஒன்றும் உண்டு. 2020-இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் டாக்டர் எழுதிய காரணம் இருந்தது. மீதிப் பேர் எதனால் போனார்கள் என்று நாடு தெரிந்துகொள்ள இந்தக் கேள்விகளை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை.

வீட்டார் செய்யக்கூடியது

பிணவறைக்கு உடலோடு போகும் ஆள், பழைய சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், இ.சி.ஜி., சாப்பிட்டுவந்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும். சர்க்கரை, வலிப்பு, குடி, முந்தைய ஆபரேஷன் எதையும் விசாரணையில் மறைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உடலைக் குளிப்பாட்டக் கூடாது, உடுத்தியிருந்த துணியைத் துவைக்கவோ எரிக்கவோ கூடாது. ஃப்ரீசர் பெட்டி எடுத்து ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்தவர் பேச்சைக் கேட்டு மறுநாள் போலீசுக்குப் போவது நடக்கிறது. அப்போதும் பரிசோதனை நடக்கும். ஆனால் இறந்த நேரத்தைச் சொல்வது கடினமாகிவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் கிடையாது. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் பொழுது சாய்ந்த பிறகும் பரிசோதிக்கலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு சொன்னது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்குச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர அது பொருந்தாது. அன்றைக்கே அடக்கம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்கள், நேரம் பார்த்துக்கொண்டிருக்காமல், விசாரணைத் தாள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கண்தானம் செய்ய விருப்பமிருந்தால் இதனால் தடையில்லை. இறந்து 6 மணி நேரத்துக்குள் போலீசிடமும் டாக்டரிடமும் சொல்லி அனுமதி பெறலாம். மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறைக்கு முழு உடலையும் எழுதிவைத்திருந்தால், பி.எம். ஆன உடலை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. விசரா முடிவு வராத நிலையில், சாவில் சந்தேகம் தீராத குடும்பம் எரிப்பதைவிடப் புதைப்பது நல்லது. நடுவரின் உத்தரவோடு புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதிக்க இந்தியாவில் காலவரம்பு கிடையாது.